ஊரடங்கு காலத்தில் வயதான தம்பதிக்கு சனி, ஞாயிறு எப்படிப் போனது?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "ரிட்டயர் ஆனவர்களுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதானே, ஊரடங்கில் அப்படி என்ன வித்தியாசம் இருந்திருக்கும்?" அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் முப்பது வயதுக்குள், வெளியூரில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். உங்கள் அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கலாம்.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே ஞாயிறு தொடங்கிவிடும். திருச்சியிலிருந்து மகள் இரண்டு பேரப்பிள்ளைகளோடு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவாள், மாதத்தில் இரண்டு வாரமாவது. பழங்காநத்தத்தில் எங்கள் வீடு. செவ்வாயும் புதனும் எப்படிப் போனால் எங்களுக்கென்ன, அந்த இரண்டு நாளுக்காகத்தான் மற்ற ஐந்து நாளும். 2020 மார்ச் 22, ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் கை தட்டினார்கள், நாங்களும் மாடியில் நின்று தட்டினோம். அடுத்த வாரம் பிள்ளைகள் வருவார்கள் என்று என் மனைவி அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருந்தாள். அதற்குள் 25ஆம் தேதியிலிருந்து நாடே அடைபட்டது.

திருச்சி இரண்டரை மணி நேரத் தூரம்தான். ஆனால் மாவட்டம் தாண்ட இ-பாஸ் என்ற அனுமதி வேண்டும், அது கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் கிடைக்கும் என்றார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பது அந்த வரிசையில் இல்லை. அரசைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம், தேவைப்பட்டது, செய்தார்கள். நானும் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கணக்குப் பிரிவில் இருந்தவன்தான். "பென்ஷன் வாங்கும் உங்களுக்கென்ன" என்று எழுதப் போகிறவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை போனவர்களின் கஷ்டத்தோடு எங்களுடையதை நான் ஒப்பிடவில்லை. வீட்டு வேலைக்கு வந்த அம்மாவுக்கு வராத மாதங்களுக்கும் சம்பளம் கொடுத்தோம்.

மே 3, ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் மீனாட்சி திருக்கல்யாணம். மதுரையில் பெண்கள் அந்த முகூர்த்தத்தில் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். கோயிலுக்குப் போக முடியாது, பட்டர்கள் மட்டும் நடத்தி நேரலையில் காட்டுவார்கள் என்று அறிவித்துவிட்டார்கள். சரி, ஆனால் மஞ்சள் கயிறு வாங்க ஒரு கடையும் இல்லை. இவள் பீரோவைக் குடைந்து வெள்ளை நூல்கண்டு ஒன்றை எடுத்து, பல இழையாகச் சேர்த்து, ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு மறு நுனியிலிருந்து முறுக்கினாள். அப்புறம் மஞ்சள் அரைத்துத் தோய்த்து மாடிக் கொடியில் காயப்போட்டாள். அன்று பொழுது முழுக்க அதற்கே போனது. மறுநாள் காலை டிவி முன்னால் உட்கார்ந்து அவளே மாற்றிக்கொண்டாள், கடைசி முடிச்சை மட்டும் என்னைப் போடச் சொன்னாள். கல்யாணமாகி 42 வருடத்துக்கு அப்புறம் போட்ட முடிச்சு, கை நடுங்கியது.

ஜூன் 24லிருந்து மதுரைக்குத் தனியாக முழு ஊரடங்கு. ஜூலை, ஆகஸ்டில் எல்லா ஞாயிறும் தமிழ்நாடு முழுக்கத் தளர்வில்லாத ஊரடங்கு, பாலும் மருந்தும்தான் கிடைக்கும். அதனால் சனிக்கிழமை கறிக்கடையிலும் காய்கறிக் கடையிலும் நிற்க இடமிருக்காது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வெளியே வரக்கூடாது என்றார்கள், எனக்கு அப்போது 68. பெங்களூரிலிருந்து மகன் போனில் கத்துவான். அவன் கத்தியதில் தப்பில்லை. ஆனால் வாசலுக்கு வரும் தள்ளுவண்டியை நம்பித்தான் இரு என்று சொல்வது எளிது, பாதி நாள் வண்டி எங்கள் தெரு வரைக்கும் வரவே வராது. வாங்கி வந்ததை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அலசி மாடியில் பரப்புவோம். பால் பாக்கெட்டையும் சில்லறைக் காசையும்கூட சோப்புப் போட்டுக் கழுவினோம். அப்புறம் கபசுரக் குடிநீர், அந்தக் கசப்பை இப்போது நினைத்தாலும் நாக்கு சுருங்குகிறது.

ஞாயிறு மதியம் தாயம் ஆடினோம். அவள் அம்மா வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை, இத்தனை வருடம் பரணில் கிடந்தது. சாக்பீஸால் கூடத்தில் கட்டம் போட்டு, அவளுக்குப் புளியங்கொட்டை, எனக்குச் சோழி. எதிராளியின் காயை வெட்டாமல் உள்ளே போக முடியாது என்பது அவர்கள் வீட்டு ஆட்டம், ஒரு காயைக்கூட விட்டுத்தர மாட்டாள். சாயங்காலம் மாடிக்கு மாடி பேச்சு. எதிர்வீட்டு நர்ஸ் பெண்ணோடு பத்து வருடத்தில் பேசாததை அந்த இரண்டு மாதத்தில் பேசினோம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்கு நேராகச் சம்பந்தமில்லை. 'இணைநோய்' என்ற வார்த்தை, அதாவது ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி நோய். தினமும் சாயங்காலம் கொரோனாவில் இறந்தவர் பட்டியல் வரும். பெயர் இருக்காது, வயது, ஊர், என்னென்ன நோய் என்று மட்டும். ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஒன்பது வருடம் என்னோடு காலையில் நடந்த நண்பர் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இறந்தார். முகம் பார்க்க விடவில்லை, நானும் போகவில்லை. பட்டியலில் அவரை வயதையும் சர்க்கரையையும் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவர் சர்க்கரையோடு இருபது வருடம் நன்றாக நடந்தவர். "இணைநோய் இருந்ததாம்" என்று கேட்டவர்கள் எல்லோரும் ஒரு மூச்சு விட்டார்கள், இது நமக்கு வராது என்பதுபோல. எனக்கு சர்க்கரை, இவளுக்கு ரத்த அழுத்தம். எங்கள் வயதில் யாருக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறது? எங்கள் சாவுக்குக் காரணத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டதுபோல இருந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இ-பாஸ் செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள், மகள் வந்தாள், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தோம். 2021 ஏப்ரல் 25லிருந்து மறுபடி ஞாயிறு முழு ஊரடங்கு. மார்ச்சிலேயே இருவரும் முதல் ஊசி போட்டிருந்தோம், ஆனாலும் மகன் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் அனுப்பி வைத்து, ஞாயிறு காலை வீடியோவில் விரலை வைத்துக் காட்டச் சொல்வான். மே 2 ஓட்டு எண்ணும் நாள், ஊரே டிவி முன்னால். எனக்கு 97. இவளுக்கு 91. மறுபடி வைத்தோம், 90. மகன் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தார்கள், எங்கும் படுக்கை இல்லை என்ற செய்தியும் அப்போதுதான். இவளோ "எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்கிறாள். நான் மாடிக்கு ஓடி எதிர்வீட்டைக் கூப்பிட்டேன்.

அந்த நர்ஸ் பெண் முதலில் கேட்டது, "அம்மா என்ன வேலை பாத்துட்டு வந்தாங்க?"

உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். மே மாத வெயிலில் மாவு சூடேறக்கூடாது என்று கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் விட்டு விட்டுக் கையால் தள்ளியிருக்கிறாள். விரல் ஜில்லென்று இருந்தால் கருவி குறைத்துக் காட்டுமாம். "நல்லா தேய்ச்சு சூடாக்கிட்டு வைங்க மாமா" என்றாள். கீழே வந்து இவள் கை இரண்டையும் என் கைக்குள் வைத்துத் தேய்த்தேன். மகன் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. 96 வந்தது, அப்புறம் 97.

"விடுங்க, மாவு வழியப் போகுது" என்று எழுந்து போனாள். அதற்கு அடுத்த ஞாயிறும் காட்டினோம், அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் முதலில் அவள் கையைத் தேய்த்துவிட்டுத்தான் கருவியை வைத்தேன்.