எச்.ஆரிடம் சொன்னது புகாராகுமா?

கேள்வி: ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். டீம் லீட் நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் ஆபாசமாக எழுதிக்கொண்டிருந்தார். எச்.ஆரிடம் சொன்னேன், "கூப்பிட்டுப் பேசுகிறோம்" என்றார்கள். மெசேஜ் நின்று பத்து வாரம் ஆகிறது. இப்போது மீட்டிங்குக்கே என்னைக் கூப்பிடுவதில்லை. அடுத்த மாதம் அப்ரைசல், ரேட்டிங் போடுவதும் அவர்தான். என்ன செய்வது?

பதில்: முதலில் காலண்டரை எடுங்கள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி ('போஷ்' என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான்), கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். கடைசி மெசேஜை வைத்துக் கணக்குப் போட்டால் உங்களுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கிறது. தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டித்துத் தருவார்கள். ஆனால் அது புகாரை விசாரிக்கும் குழு எடுக்கும் முடிவு, அதை நம்பி இருக்காதீர்கள்.

எச்.ஆரிடம் வாய்மொழியாகச் சொன்னது இந்தக் கணக்கில் சேராது. புகார் போக வேண்டிய இடம் உள்ளகப் புகார்க் குழு. ஒரு மூத்த பெண் ஊழியர் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களும் வெளியாள் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். குழு அமைத்த உத்தரவை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் அது பான்ட்ரியில் பிறந்தநாள் பட்டியலுக்குப் பின்னால் மறைந்திருக்கும்; தேடுங்கள்.

மனுவில் "தொடர்ந்து தொந்தரவு செய்கிறார்" என்று பொதுவாக எழுதுவதுதான் வழக்கமான தவறு. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன வார்த்தை, அப்போது நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். எச்.ஆரைச் சந்தித்த நாளையும், மீட்டிங்கில் ஒதுக்கப்பட்ட நாட்களையும் சேருங்கள். வேலையைக் காட்டி மிரட்டுவதும் ஒதுக்குவதும் பாலியல் நடத்தையின் தொடர்ச்சியாக வந்தால் அதுவும் இச்சட்டத்துக்குள் அடங்கும். ஆவணங்களோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் ஆறு பிரதிகள் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

வாட்ஸ்அப் விஷயத்தில் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. நடுவில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தால், "முன்னால் இவர் என்ன எழுதினார்?" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்புங்கள். அலுவலக லேப்டாப்பில் வைக்காதீர்கள். அந்த லாகின் எப்போது வேண்டுமானாலும் போகலாம். விசாரணை முடியும்வரை போனையும் மாற்ற வேண்டாம்.

அப்ரைசலுக்கும் வழி உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. அவர் உங்கள் வேலையை மதிப்பிடக் கூடாது, அந்தப் பொறுப்பை வேறு அதிகாரிக்கு மாற்ற வேண்டும் என்று குழுவிடம் எழுதிக் கேட்கலாம். உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லலாம். வழக்கமான விடுப்பு போக மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். கேட்டால்தான் பரிசீலிப்பார்கள். புகாரோடேயே தனித்தாளில் கொடுத்துவிடுங்கள்.

"பேசி முடித்துக்கொள்ளலாமே" என்பார்கள். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே, அதுவும் விசாரணைக்கு முன்பு. பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அறிக்கை அடுத்த 10 நாளில், நிறுவனத்தின் நடவடிக்கை 60 நாளுக்குள். இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. முடிவு சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு.