அனிமேஷன் மாணவரின் ஆவணத்தில் என்ன இருக்க வேண்டும்?

"டிஜிட்டல் அனிமேஷன் படிக்கிறேன். படத்தோடு சேர்த்து, அது உருவான விதத்தையும் அதற்காகச் செய்த ஆய்வையும் ஆவணமாக்கித் தரவேண்டும். எதைச் சேர்ப்பது, எப்படி எழுதுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அனிமேஷன் படித்தவன் என்பதால் என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

என் முதல் குறும்படத்தை முழுதாக முடித்த பிறகுதான் ஆவணத்தைப் பற்றி யோசித்தேன். ஒப்படைப்பதற்கு முந்தைய மூன்று இரவுகளில் உட்கார்ந்து தயாரித்தேன். மூட்போர்டு (படத்தின் நிறத்தையும் உணர்வையும் காட்டும் படத்தொகுப்பு), கதாபாத்திர ஓவியங்கள், ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்து வைப்பது) எல்லாம் வரிசையாக, பார்க்க அழகாகவே இருந்தன. மதிப்பீட்டில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஐந்தாவது ஓவியத்தில் பெரியவருக்குக் கழுத்து நீளமாக இருக்கிறது. ஆறாவதில் கழுத்தே இல்லை. நடுவில் என்ன நடந்தது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏதோ ஒரு காரணத்தோடுதான் மாற்றினேன். அது என்ன என்பது மறந்துபோயிருந்தது. ஆவணத்தில் இருந்திருக்க வேண்டியது அந்தக் காரணம்தான். மற்றதையெல்லாம் படத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: என்ன வரைந்தீர்கள் என்பதைவிட, ஏன் மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். மாற்றிய அன்றே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால், நடந்ததை விட்டுவிட்டு நடந்திருக்க வேண்டியதை எழுதத் தொடங்கிவிடுவோம்.

இரண்டாவது படத்தில் இதை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். வயதான ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுவரை நடப்பதுதான் காட்சி. முதலில் எதையும் பார்க்காமல் தம்ப்நெயில், அதாவது சிறிய அவசரக் கோட்டோவியங்கள், வரைந்தேன். அவர் லிஃப்டில் ஏறுவதுபோல் நேர்செங்குத்தாக எழுந்தார். அந்த ஓவியங்களைத் தூக்கிப் போடாமல் தேதி போட்டு ஒட்டி வைத்தேன். மறுநாள் நானே நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பக்கவாட்டில் படம்பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமாக, பார்த்தேன். எழுவதற்கு முன்பே பாதங்கள் நாற்காலிக்கு அடியில் பின்னே போகின்றன. உடல் முன்னே சாய்ந்து, மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வருகிறது. அதற்குப் பிறகுதான் இடுப்பு இருக்கையை விட்டுக் கிளம்புகிறது. உடலின் எடை பாதங்களுக்கு மேலே வந்து சேராமல் எழவே முடியாது. பாதங்களை முன்னே நீட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடி எழ முயன்று பாருங்கள், புரியும்.

பிறகு வயதான உறவினர் ஒருவரிடம் அனுமதி கேட்டு அவர் எழுவதைப் படம்பிடித்தேன். அவர் இருமுறை முன்னும் பின்னும் ஆடி, கைப்பிடியை அழுத்தித் தள்ளி எழுந்தார். எழுந்தவுடன் நடக்கவும் இல்லை. கால்களில் நம்பிக்கை வரும்வரை சற்று நின்றார். நான் யோசித்தே பார்த்திராத அந்த நிற்றல்தான் காட்சியின் உயிராக ஆனது. குறிப்பேட்டில் அன்று எழுதியது நான்கே வரி: தேதி, எதைத் தேடினேன், எதைக் கண்டேன், அதனால் எதை மாற்றினேன். பக்கத்தில் பழைய தவறான தம்ப்நெயிலும் புதியதும். இந்த ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் மதிப்பீட்டில் நீண்ட நேரம் பேசினோம்.

கண்ணால் கண்டதாக நாம் நினைப்பதும் நிஜமும் வேறாக இருப்பது நமக்கு மட்டும் நேர்வதல்ல. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்போது முன்னும் பின்னும் நீண்டிருக்கும் என்றுதான் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்துவந்தார்கள். 1878-ல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்களில், அந்த நொடியில் கால்கள் வயிற்றுக்கு அடியில் ஒடுங்கியிருந்தன. பின்னர் 1887-ல் மனிதர்கள், விலங்குகளின் அசைவுகளை 781 படத்தாள்களாக வெளியிட்டார். அனிமேட்டர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். உங்கள் ஆய்வும் இதேபோல் ஒரு எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதாக இருக்கட்டும். "முதியவர்களின் நடை பற்றிய ஆய்வு" என்று தலைப்பிட்டு இருபது புகைப்படங்களை ஒட்டினால் அது சேகரிப்பு மட்டுமே. "முதியவர் எழுந்தவுடன் ஏன் நிற்கிறார்?" என்று கேட்டுத் தேடினால் அது ஆய்வு.

தொழில்நுட்ப விவரங்களையும் குறித்து வையுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் பிறகு காப்பாற்றும். ஒருமுறை என் அசைவுகள் எல்லாமே மந்தமாக இருந்தன. அசைவின் வேகத்தை வளைகோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் நாள்கணக்கில் வளைவுகளைத் திருத்தியும் சரியாகவில்லை. குறிப்பேட்டைப் பார்த்தபோது ரெஃபரன்ஸ் வீடியோ (அசைவைப் பார்த்துச் செய்ய எடுத்து வைத்தது) நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தது என்று இருந்தது. மென்பொருளில் நான் அனிமேஷன் செய்த டைம்லைன் நொடிக்கு 24 ஃபிரேம். நானோ ஃபிரேம்களை ஒன்றுக்கு ஒன்றாகப் பார்த்து போஸ் வைத்திருந்தேன். ஒரு நொடி அசைவு ஒன்றேகால் நொடியாக நீண்டதற்குக் காரணம் அதுதான். அன்றிலிருந்து, எத்தனை ஃபிரேமில் எடுத்தது, எந்தக் கோணம், கேமரா எவ்வளவு உயரத்தில் என்று ஒவ்வொரு ரெஃபரன்ஸுக்கும் எழுதிவிடுவேன்.

படம் உருவாகும் ஒவ்வொரு கட்டத்தையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பழையதன் மேல் எழுதாதீர்கள். அனிமேட்டிக் (ஸ்டோரிபோர்டை நேரக்கணக்கோடு ஓடவிட்டது), பிளாக்கிங் (முக்கிய போஸ்கள் மட்டும்), ஸ்ப்ளைன் (போஸ்களுக்கு இடையிலான அசைவைச் சீராக்கியது) என ஒவ்வொன்றுக்கும் ஃபிரேம் எண் தெரியும்படி ஒரு பிளேபிளாஸ்ட், அதாவது மென்பொருளிலிருந்து எடுக்கும் விரைவு முன்னோட்ட வீடியோ, எடுத்து வையுங்கள். யாராவது கருத்துச் சொன்னால் "நடை சரியில்லை என்றார்கள்" என்று எழுதுவதில் பயனில்லை. "42-வது ஃபிரேமில் இடுப்பு எடையை வாங்கவில்லை" என்று எழுதினால் மறுநாள் அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம். அந்தக் கருத்தை நீங்கள் ஏற்கவில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். மறுத்ததற்கும் ஆவணத்தில் இடம் உண்டு.

இணையத்தில் ஒரு படத்தைச் சேமிக்கும்போதே யாருடையது, எந்த ஆண்டு, எங்கே கிடைத்தது என்று அதன் கீழே எழுதிவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்தைப் பயன்படுத்தினால் எந்தக் கருவி, என்ன கேட்டீர்கள், எந்தத் தேதி என்பதையும் குறிப்பிடுங்கள். ஒளி, நிறம் பற்றி யோசிக்க அது உதவலாம். ஆனால் உடல் எப்படி அசைகிறது என்பதற்கு அதைச் சான்றாக வைக்காதீர்கள். அந்த அசைவை யாரும் நிகழ்த்தவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

ஒப்படைக்கும் வடிவம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். குறிப்பேடு கசங்கியும் கலைந்தும் இருக்கட்டும், அது உங்களுக்கானது. அதிலிருந்து தேர்ந்தெடுத்து, தேதி வரிசையில் அடுக்காமல் கேள்வி வாரியாகத் தொகுத்துக் கொடுங்கள். எழுந்து நிற்பது பற்றிய கேள்வி, அதற்கான ஓவியங்கள், வீடியோவின் ஃபிரேம்கள், மாறிய போஸ்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் படிப்பவர் உங்களோடு சேர்ந்து யோசிப்பார். ஓவியத்தைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். அழித்து வரைந்த கோடுகளும் தெரியட்டும்.

தினமும் மென்பொருளை மூடுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் எழுதினால் போதும். இப்போதே பாதிப் படம் முடிந்துவிட்டது, எதையும் எழுதி வைக்கவில்லை என்றால், பழைய தேதிகளைப் போட்டுக் குறிப்புகளை உருவாக்காதீர்கள். பழைய கோப்புகளைத் திறந்து, இன்றைய தேதியிட்டு, "இன்று திரும்பிப் பார்க்கையில் இதை மாற்றியதற்கான காரணம் இதுவாக இருக்கலாம்" என்று எழுதுங்கள். நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே எழுதிவிட்டு, இன்றைய வேலையிலிருந்து ஒழுங்காகக் குறிக்கத் தொடங்குங்கள்.