கேம்பிரிட்ஜுக்கு மெயின் கேட் எங்கே?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் லண்டன் போகிறோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். மெயின் கேட்டில் டிக்கெட் எவ்வளவு? ராமானுஜன் தங்கிய அறையைக் காட்டுவார்களா?
– வாசகர், திருச்சி

பதில்: மெயின் கேட் என்று ஒன்று இருந்தால்தானே டிக்கெட்! 1209-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் ஊரோடு ஊராகக் கலந்து கிடக்கிறது. மொத்தம் 31 கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாசல், தனி நேரம். கட்டணம் இருந்தால் அதுவும் தனி. 'கேம்பிரிட்ஜைப் பார்த்தேன்' என்று சொல்பவர் பார்த்தது இரண்டு மூன்று கல்லூரிகளைத்தான். நீங்களும் கிங்ஸ், டிரினிட்டி என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிக்கல் உங்கள் தேதியில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து லீவு விடும்போதுதான் அங்கே பரீட்சை நெருங்குகிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை பல கல்லூரிகள் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்திவிடும். (பரீட்சை முடிந்து அவர்கள் கொண்டாடும் 'மே வாரம்' வருவது ஜூனில்! பெயரை நம்பி ஏமாறாதீர்கள்.) கிளம்புவதற்கு முந்தைய நாள் இணையத்தில் பாருங்கள், பல்கலைக்கழகத்தின் தளத்தை அல்ல, அந்தந்தக் கல்லூரியின் தளத்தை.

கல்லூரி வாசலில் இருப்பவர் 'போர்ட்டர்'. நம் ரயில் நிலையத்துப் போர்ட்டர் என்று நினைத்துப் பெட்டியை நீட்டிவிடாதீர்கள். உள்ளே யார் போகலாம், எது வரை போகலாம் என்பது அவர் சொல்வதுதான். முற்றத்துப் புல்லில் பெரும்பாலும் 'ஃபெல்லோ' எனப்படும் கல்லூரியின் ஆசிரிய உறுப்பினர்கள் மட்டுமே நடக்கலாம். போட்டோவுக்காக ஓரடி எடுத்து வைத்தாலும் அதட்டல் வரும்.

கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்துக்குப் பகலில் போனால் ஆளுக்குப் பத்து பவுண்டுக்கு மேல் ஆகும். மாலையில் போனால் காசே இல்லை. கல்லூரிப் பருவ (டெர்ம்) நாட்களில் வழக்கமாக 5.30 மணிக்கு 'ஈவன்சாங்' என்ற மாலை வழிபாடு நடக்கும். எந்த மதத்தவரும் போய் உட்காரலாம். ஏப்ரல் கடைசியில் பருவம் தொடங்கியிருக்கும், தேதியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி, முக்கால் மணி முன்பே வரிசையில் நின்றால் நல்ல இடம் கிடைக்கும். 1446-ல் தொடங்கிய கட்டடம். கல்வேலை முடிய 1515 ஆகிவிட்டது. விசிறிகளை வரிசையாக விரித்து வைத்தது போன்ற அதன் கல் கூரை, அந்த வகையில் உலகிலேயே பெரியது. பாடகர் குழுவின் குரல் அந்த உயரத்துக்கு ஏறி, தாமதித்து இறங்குவதைக் கேட்காமல் வந்தால் பாதிக் கட்டடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஒரு குறை: வழிபாட்டின்போது எழுந்து நடக்க முடியாது, படம் எடுக்க முடியாது. கிழக்குக் கோடியில் இருக்கும், ஓவியர் ரூபன்ஸ் வரைந்த ஓவியத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தே தீருவேன் என்றால் பகல் டிக்கெட்தான் வழி.

இனி ராமானுஜன். 1914-ல் வந்தவர், முதலில் டிரினிட்டியின் கணித அறிஞர் நெவில் வீட்டில் தங்கி, பிறகு அந்தக் கல்லூரியின் ஹியூவெல்ஸ் கோர்ட் என்ற விடுதி வளாகத்துக்கு மாறினார். டிரினிட்டியின் பெரிய வாசலுக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கம் இருக்கிறது. அது மியூசியம் அல்ல, இன்றும் மாணவர் விடுதி. உள்ளே யாரோ படித்துக்கொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். அவரைத் தேடிப் போக வேண்டிய இடம் அந்தக் கல்லூரியின் ரென் நூலகம். அவருடைய 'தொலைந்த நோட்டுப் புத்தக'த்தை 1976-ல் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தது அங்கேதான். அது கண்ணாடிப் பெட்டியில் காத்திருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். காட்சிக்கு வைப்பவை மாறும். பார்வையாளர் நேரமும் மிகக் குறைவு, வழக்கமாக நண்பகலை ஒட்டி இரண்டு மணி நேரம். அதனால் உங்கள் நாளை அந்த நேரத்தைச் சுற்றித் திட்டமிடுங்கள். பெரிய வாசலின் பக்கத்தில் நிற்கும் ஆப்பிள் மரம் நியூட்டன் பார்த்த மரம் அல்ல, அவர் ஊர் மரத்தின் ஒட்டு. அண்ணாந்து பாருங்கள்: வாசலுக்கு மேல் எட்டாம் ஹென்றி சிலையின் கையில் செங்கோலுக்குப் பதில் நாற்காலிக் கால் இருக்கும்.

கதவெல்லாம் சாத்தியிருந்தால் ஆற்றுக்குப் போங்கள். கேம் ஆற்றில் 'பன்ட்' என்ற தட்டைப் படகில், ஓட்டுபவரோடு முக்கால் மணி நேரம் போனால் கல்லூரிகளின் பின்புறம் முழுவதும் தெரியும். தெருவில் வழிமறிப்பவர்களிடம் டிக்கெட் வாங்காமல் படித்துறைக்கே போய் விலை கேளுங்கள். நீங்களே ஓட்டுவதானால் ஒன்று: கழி சேற்றில் சிக்கினால் அதை விட்டுவிடுங்கள். விடாமல் பிடித்தால் படகு நகர்ந்துவிடும், நீங்கள் கழியோடு நிற்பீர்கள், பிறகு தண்ணீரில் இருப்பீர்கள். கழியை மீட்கத்தான் படகில் துடுப்பு இருக்கிறது.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வேக ரயிலில் சுமார் 50 நிமிடம். 'கேம்பிரிட்ஜ் நார்த்' வேறு நிலையம். அதற்கு முன்னால் வரும் 'கேம்பிரிட்ஜ்' நிலையத்திலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து கல்லூரிகளுக்கு இரண்டு கிலோமீட்டர் நடை.