கன்றுக்குள்ளிருந்து வெளிப்படும் உயிரி: படத்தின் பெயர்

கன்றின் உடலுக்குள்ளிருந்து விகார உயிரிகள் வெளிப்படுவதாக நீங்கள் விவரித்த பண்ணைப் படம், 2005-இல் பில்லி ஓ’பிரையன் இயக்கிய ‘ஐசொலேஷன்’ என்னும் அயர்லாந்துப் படமே. கடனில் சிக்கிய பண்ணைக்காரர், மாடுகளை விரைவாக வளரச் செய்யும் மரபணுச் சோதனைக்கு இடம் கொடுப்பதில் கதை தொடங்குகிறது.

நீங்கள் தேடியபோது நியூசிலாந்தின் ‘பிளாக் ஷீப்’ (2006) வந்தது, பண்ணை, மரபணு என்று மட்டும் தேடியதால்தான் இருக்கும். அது ஆடுகளைப் பற்றிய நகைச்சுவை கலந்த படம்.

உறுதிசெய்ய ஒரு காட்சி: சினைப்பசுவைப் பரிசோதிக்கும் பெண் கால்நடை மருத்துவரின் கையை உள்ளிருக்கும் கன்று கடிக்கும். உயிரியை முழுதாகக் காட்டாமல், இருட்டையும் சேற்றையும் கொண்டே அச்சமூட்டும் இப்படம் என் மதிப்பில் மிக உயர்ந்தது.

இதே பெயரில் வேறு படங்களும் இருப்பதால், ஆண்டையும் இயக்குநர் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.