உள்நோயாளி மருந்தகத்தின் பொறுப்பை ஏற்கும்போது ஊழியர்களிடம் ஆரம்பத்திலேயே கண்டிப்புக் காட்ட வேண்டுமா?

கேட்டவர் தம் நிலையைச் சுருக்கமாக எழுதியிருக்கிறார். வெளியில் மருந்துக் கடையில் இருந்த அனுபவம் உள்ளவர். விரைவில் ஒரு தனியார் மருத்துவமனையின் உள்நோயாளி மருந்தகத்துக்குப் பொறுப்பாளராகச் சேரவிருக்கிறார். வார்டுகளுக்கு மருந்து தாமதமாகப் போகிறது என்ற புகாரை ஒழிக்க வேண்டும் என்று நிர்வாகம் இப்போதே சொல்லிவிட்டது. தம்மைவிட வயதில் மூத்தவர்களும் இருக்கும் இடத்தில் முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக இருந்தால்தான் வழிக்கு வருவார்களா என்று கேட்கிறார். மதுரைப் பக்கத்தில் நடுத்தர அளவிலான தனியார் மருத்துவமனை ஒன்றில் இதே பொறுப்பில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளில் ஒவ்வொரு வேளை மருந்தையும் நோயாளி வாரியாகத் தனித்தனிப் பொட்டலமாக அனுப்பும் முறையும், நோயாளிகளின் மருந்துகளை வார்டிலேயே இருந்து சரிபார்க்க வார்டுக்கு ஒரு கிளினிக்கல் பார்மசிஸ்டும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அங்கிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, இதெல்லாம் எங்களிடம் எப்போதோ தீர்ந்துபோன பிரச்சினை என்று கருத்து எழுத வேண்டாம். நம் ஊர்களில் பெரும்பாலான மருத்துவமனைகளின் நிலைமை வேறு.

கண்டிப்பு வேண்டும்தான். ஆனால் அதை ஊழியரின் வேகத்தின் மீது காட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் மருந்தை எடுத்து வைத்துவிட்டு வார்டுக்குப் போன் செய்து கேட்கிற ஊழியரைக் காப்பாற்றுவதுதான் பொறுப்பாளரின் முதல் வேலை என்று நான் நம்புகிறேன். அப்படிக் கேட்ட ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரே ஒருமுறை திட்டு வாங்கினால் போதும். மற்றவர்கள் அன்றிலிருந்து வாயைத் திறக்காமல், இன்டென்ட்டில், அதாவது வார்டிலிருந்து வரும் மருந்துக் கோரிக்கையில், இருப்பதை இருக்கிறபடியே எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நிர்வாகம் கேட்ட வேகம் கிடைத்துவிடும். என்ன மருந்து யாருக்குப் போகிறது என்று நின்று பார்க்க ஆள் இருக்காது.

இதை நான் ஏட்டுப் படிப்பாகச் சொல்லவில்லை. எங்கள் மருந்தகத்தில் மருந்தாளுநர் பட்டயப் படிப்பான டி.பார்ம் முடித்துச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த ஒரு பெண்ணின் கைக்கு, எலும்பு சிகிச்சை வார்டிலிருந்து ஒரு பிற்பகலில் இன்டென்ட் வந்தது. முடக்குவாதத்துக்காக நெடுங்காலமாக மருந்து சாப்பிட்டு வந்த மூதாட்டி ஒருவர், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். அவர் வீட்டில் சாப்பிட்டு வந்த மாத்திரைகளையெல்லாம் பணியிலிருந்த டூட்டி டாக்டர் சார்ட்டில் எழுதி, எல்லாவற்றுக்கும் நேராக ஓ.டி., அதாவது தினம் ஒருவேளை, என்று குறித்திருந்தார். ரத்த அழுத்த மாத்திரை, தைராய்டு மாத்திரை, ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் ஆகியவற்றோடு மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மில்லிகிராமும் அதே வரிசையில் இருந்தது.

மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்து. முடக்குவாதத்துக்கு அதைக் குறைந்த அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் கொடுப்பார்கள். அதையே தினமும் கொடுத்தால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவது குறையும், ஏதாவது ஒரு தொற்றில் உயிர் போகக்கூடும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பல நாடுகளின் மருத்துவமனைகளில் இந்தத் தவறு மறுபடியும் மறுபடியும் நடந்து, உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே எங்கள் வார்டில் அப்படி எழுதிய இளம் டாக்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் அன்றைக்கு எத்தனை அட்மிஷன் பார்த்தார் என்பதை நான் அறிவேன்.

அந்தப் பெண் செய்தது இதுதான். மற்ற மாத்திரைகளையெல்லாம் உடனே அனுப்பிவிட்டு, இதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வார்டுக்குப் போன் செய்தார். “சிஸ்டர், அந்த அம்மா வீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை எந்தக் கிழமை சாப்பிடுவார்கள் என்று கூட இருப்பவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். சார்ட்டில் ஓ.டி. என்றுதான் இருக்கிறது, முதலில் மருந்தை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அவர் வாக்குவாதம் செய்யவில்லை. இன்டென்ட் தாளின் ஓரத்தில் ‘எந்தக் கிழமை என்று தெரிந்த பிறகு கொடுக்கப்படும்’ என்று எழுதி, நேரத்தைக் குறித்து, கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்தார். மாலையில் நோயாளியின் மருமகள் வீட்டிலிருந்து பழைய சீட்டைக் கொண்டுவந்த பிறகுதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடுகிற மாத்திரை என்பது வார்டுக்கும் உறுதியாயிற்று. சார்ட் உடனே திருத்தப்பட்டது.

அதற்குள், பார்மசி மருந்தை நிறுத்தி வைத்துவிட்டது என்ற புகார் நிர்வாக அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில், தாமதத்துக்காக அந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுக்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன். அவர் எழுதி வைத்த இன்டென்ட் தாளை எலும்பு மருத்துவரின் முன்னால் வைத்து, மெமோ கொடுப்பதானால் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்த எனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் அதை வாசித்துவிட்டு, மருந்தகத்தின் மீது தமக்கு எந்தப் புகாரும் இல்லை என்று அங்கேயே சொன்னார். அந்தக் கூட்டத்திலேயே, கிழமை எழுதப்படாத மெத்தோட்ரெக்ஸேட் இன்டென்ட்டை மருந்தகம் ஏற்காது என்ற விதியையும் நான் கேட்டு வாங்கினேன். இன்றுவரை அது நடைமுறையில் இருக்கிறது. என் பணிக்காலத்தில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடியவற்றில் இது முதலில் நிற்கிறது.

மென்பொருளே எச்சரிக்கை கொடுத்துவிடுமே என்று சிலர் சொல்லக்கூடும். எச்சரிக்கை வருகிறது, ஒன்றுக்கும் உதவாத பல எச்சரிக்கைகளோடு கலந்து வருவதால், அவசரத்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் ‘ஓகே’ அழுத்திவிடுகிறார். திரையில் வரும் எச்சரிக்கையை நின்று வாசிக்கும் மனிதர் வேண்டும், அவருக்கு வாசிக்க நேரமும் வேண்டும். சட்டமும் அந்த மனிதரைத்தான் பொறுப்பாக்குகிறது. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் வேலையைப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரியதாக வைத்திருக்கிறது. 2015-இல் வந்த பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகள், சீட்டைச் சரிபார்ப்பதை அவருடைய கடமைகளில் ஒன்றாகச் சொல்கின்றன. எனவே உங்கள் ஊழியர் டாக்டரிடம் கேள்வி கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது சொன்னால், பொறுப்பாளராக நீங்கள் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லலாம்.

கண்டிப்பை எங்கே காட்டுவது என்கிறீர்களா? சில இடங்களில் நான் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி மருந்தின் குப்பி அவற்றில் ஒன்று. அது இரண்டு வலிமைகளில் வருகிறது. இரண்டும் 5 மில்லி குப்பிதான்; ஒன்றில் மொத்தம் 5,000 யூனிட், மற்றதில் 25,000 யூனிட். ஒரே நிறுவனத்தின் சரக்காக இருந்தால் பெட்டியை அருகருகே வைத்துப் பார்த்தாலும் கண் ஏமாந்துவிடும். எங்களிடம் இரண்டும் வெவ்வேறு அலமாரியில் இருக்கின்றன. எடுப்பவர் ஒருவர், குப்பியின் மேலிருக்கும் எண்ணை உரக்க வாசித்துச் சரிபார்ப்பவர் இன்னொருவர். இன்சுலின் குப்பியோடு சிரிஞ்சையும் சேர்த்தே பார்த்துக் கொடுக்க வேண்டும். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் என்பது மாறக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலை, அதாவது சிறு கண்ணாடிக் குப்பியில் வரும் ஊசி மருந்தை, பொது வார்டுகளில் இருப்பு வைக்க அனுமதிப்பதில்லை. நீர்க்காமல் நேரடியாக ரத்த நாளத்தில் ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய மருந்து அது. போதைத் தன்மையுள்ள வலி மருந்துகளான மார்ஃபின், ஃபென்டனில் ஆகியவற்றை இரட்டைப் பூட்டில் வைத்து, காலி ஆம்ப்யூல் திரும்பி வந்த பிறகே அடுத்ததைத் தருகிறோம். ஷிப்ட் மாறும்போது சாவியை வாங்குபவரும் கொடுப்பவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். இரவில் ஒரே ஒருவர் பணியில் இருந்தால் இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இரவுப் பணியிலிருக்கும் நர்சிங் சூப்பர்வைசரை அழைத்துச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குகிறோம். இந்த விதிகளை மீறுபவர் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவராக இருந்தாலும் நான் எழுத்தில் விளக்கம் கேட்பேன்.

தாமதப் புகாருக்கு வருகிறேன். அதற்கான காரணத்தை மருந்தகத்துக்குள் தேடுவதற்கு முன், கணினியில் ஒரு வாரத்து இன்டென்ட்டுகளை நேர வாரியாகப் பிரித்துப் பாருங்கள். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடித்ததும் எல்லா வார்டுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இன்டென்ட் போடும். அதே வேளையில்தான் டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளிகளின் மீதி மருந்துகளும் ரிட்டர்னாக வந்து குவியும். ஒரே கவுண்டரில், ஒரே கணினியில், அவசர மருந்தும் ரிட்டர்னும் வரிசையில் நின்றால் யாரைத் திட்டியும் பயனில்லை. எங்களிடம் ரிட்டர்னைப் பார்ப்பதற்கென்று ஒருவரைத் தனியாக உட்கார வைத்தோம். வழக்கமான இன்டென்ட்டுகளை வார்டு வாரியாக வெவ்வேறு நேரங்களுக்கு மாற்றினோம். அவசர இன்டென்ட் மட்டும் எப்போது வந்தாலும் முதலில் போகும். புகார்கள் பெருமளவு குறைந்தது இதனால்தான். டிஸ்சார்ஜ் தாமதத்துக்கும் மருந்தகத்தையே கைகாட்டுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகாமலும், இன்சூரன்ஸ் அனுமதி வராமலும் நோயாளி மணிக்கணக்கில் காத்திருப்பார். கடைசியாகக் கிளியரன்ஸ் கொடுக்கிற இடம் மருந்தகம் என்பதால் அவருடைய கோபம் எங்கள் ஜன்னலில்தான் வந்து விழும். அதை உங்கள் ஊழியர் தனியாகத் தாங்கும்படி விடாமல் நீங்கள் எழுந்து போய்ப் பேசுங்கள்.

வயதில் மூத்தவர்களைப் பற்றிய உங்கள் பயம் தேவையற்றது. எங்களிடம் இருக்கும் மூத்தவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் அழைக்கிறோம். எந்த டாக்டர் எந்த பிராண்டை எழுதுவார், எது சில நாட்களில் தட்டுப்பாடாகும், எந்த ஏஜென்சியில் இரவிலும் போன் எடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கணினியில் அவர் மெதுவாக இருப்பார். அதனால் அவரை பில்லிங்கில் உட்கார வைக்காமல், எக்ஸ்பயரி பார்ப்பதற்கும் புதியவர்களுக்கு அலமாரியைப் பழக்குவதற்கும் வைத்தேன். சேர்ந்த புதிதில் நீங்களும் சில இரவு ஷிப்ட் பாருங்கள். விடியற்காலையில் ஐ.சி.யூ.விலிருந்து அடுத்தடுத்து போன் வரும்போது அங்கே தனியாக இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்த பிறகு ட்யூட்டி சார்ட் போடுங்கள். அதற்குப் பிறகு மூத்தவர்களும் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் குமுறல். பல தனியார் மருத்துவமனைகளில் ஸ்டாக் எடுக்கும்போது குறைகிற தொகையை மருந்தாளுநர்களின் சம்பளத்தில் பங்கு போட்டுப் பிடிக்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்திலும் அப்படித்தான் செய்தார்கள். வாங்குகிற சம்பளமே குறைவாக இருக்கும் பிள்ளைகள், எதற்கென்று தெரியாமல் மாதக் கடைசியில் பணத்தை இழந்தார்கள். ஸ்டாக் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். நள்ளிரவில் உயிருக்குப் போராடும் நோயாளிக்காக மருந்து ஓடிப் போகும், இன்டென்ட் பிறகு வருவதாகச் சொல்வார்கள், வராது. நோயாளி வார்டிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு மாறும்போது அவருடைய மருந்துகள் பழைய கட்டிலருகே தங்கிவிடும். கணினியில் ரிட்டர்ன் ஏறிவிடும், பொருள் வந்து சேராது. இதில் திருட்டு எங்கே இருக்கிறது? 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்திலேயே, ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள் அவருடைய கவனக்குறைவால் நேரடியாகத் தொலைந்திருந்தால்தான் பிடிக்கலாம், அதற்கு முன் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. மொத்தக் குறைவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது அதற்கு முற்றிலும் எதிரானது.

எனவே பணியில் சேர்வதற்கு முன், தாமதப் புகாரை ஒழிக்கச் சொன்ன அதே நிர்வாகத்திடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சந்தேகம் தீரும்வரை மருந்தை நிறுத்தி வைத்த ஊழியர் மீது உங்களைக் கேட்காமல் நடவடிக்கை எடுப்பதில்லை, விசாரணை இல்லாமல் ஸ்டாக் குறைவுக்காக யார் சம்பளத்திலும் பிடிப்பதில்லை. இரண்டாவதற்கு எங்கள் நிர்வாகம் உடனே சம்மதிக்கவில்லை. நள்ளிரவில் இன்டென்ட் இல்லாமல் போன மருந்துகளின் பட்டியலைத் தினமும் காலையில் நர்சிங் அலுவலகத்துக்கு அனுப்பி, அன்றே இன்டென்ட் வாங்கத் தொடங்கிய பிறகு குறைவு பெரிதும் சுருங்கியது. அந்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.