செய்தி சொல்ல ஓர் அறை

வணக்கம் ஐயா,

கட்டடக்கலை படித்துவிட்டுக் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனையின் வடிவமைப்பில் எனக்கும் பங்கு உண்டு. நோயாளி சீக்கிரம் தேறுவதற்குக் கட்டடமும் உதவும் என்று படித்தேன். சன்னல், தோட்டம், சுவரின் நிறம், இவற்றில் எதற்கு முதலிடம் தருவது? வாஸ்து பார்க்க வேண்டுமா? ஒரு தளத்தின் வரைபடத்தை இணைத்துள்ளேன்.

எஸ்., செந்தூல்

அன்புள்ள எஸ்.,

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். கண்ணை உறுத்தாமல், கழுவ எளிதாக இருந்தால் சரி. வாஸ்துவுக்குள் நான் போகவில்லை.

சன்னல் முக்கியம்தான். ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், மரம் தெரியும் அறையில் இருந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரியும் அறையில் இருந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. ஆனால் நம் ஊரில் மேற்குப் பார்த்த சன்னலுக்கு வெளியே வெயில் மறைப்பு இல்லையென்றால் திரைச்சீலையை யாரும் திறக்கமாட்டார்கள். அப்புறம் மரம் இருந்து என்ன?

உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். தோட்டம் இருக்கிறது, மீன்குளம் இருக்கிறது, காப்பிக் கடை இருக்கிறது. டாக்டர் ஒரு குடும்பத்தை உட்காரவைத்துப் பேச ஓர் அறை எங்கே? லிப்ட் பக்கத்தில் நான்கு நாற்காலியைப் போட்டு 'காத்திருக்கும் இடம்' என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? கோபமாகத்தான் கேட்கிறேன். சில நாட்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததும் இதுதான்.

என் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று பினாங்கில் ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். சொன்ன இடம் நடைபாதை. டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் அவருடைய அறையில் அடுத்த நோயாளி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு வண்டிக்கு வழிவிட நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம். அவர் மலாயில் சொன்னது அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "என்னய்யா சொல்றாரு?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். எதிரே எங்கள் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வைத்து நான் என்ன சொல்ல? "மருந்தை மாத்துறாங்கம்மா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கழிவறைக்குப் போனவர் உடனே திரும்பிவிட்டார். வரிசையாகப் பலகைத் தடுப்புகள், பக்கத்தில் ஆள் நடமாட்டம். வாய்விட்டு அழக்கூட அந்தக் கட்டடத்தில் அவருக்கு இடமில்லை.

ஸ்காட்லாந்தில் மேகி கெஸ்விக் ஜென்க்ஸ் என்பவருக்கும் இதுதான் நடந்தது. 1993இல் மார்பகப் புற்றுநோய் திரும்பிவிட்டதென்று சொல்லி, அடுத்தவர்கள் காத்திருந்ததால் சன்னல் இல்லாத ஒரு நடைபாதையில் அவரையும் கணவரையும் உட்காரவைத்தார்கள். அவர் அதை மனக்குறையாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. எடின்பரோவில் ஒரு மருத்துவமனை வளாகத்தில் பழைய குதிரை லாயத்தை மாற்றியமைத்து ஒரு சிறிய மையம் அமைக்கத் திட்டமிட்டார். 1995இல் அவர் இறந்தார். 1996இல் மையம் திறந்தது. இப்போது பல ஊர்களில், ஹாங்காங்கிலும்கூட, அப்படிப்பட்ட மையங்கள் உண்டு. அங்கே சிகிச்சை கிடையாது. நுழைந்ததும் வரவேற்பு மேசை இல்லை, சமையலறை மேசைதான். தேநீர் போட்டு உட்கார்ந்து பேசலாம். கழிவறையைப் பற்றியும் மேகி யோசித்திருந்தார்: தனியாக அழவும், முகம் கழுவவும், கண்ணாடி பார்த்துத் தெளிந்து வெளியே வரவும் தோதாக இருக்க வேண்டும் என்றார். தங்கச்சி, இதை எழுதியவர் ஒரு நோயாளி. கட்டடக்கலைஞர்களுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

ஓர் அறைக்கு இடம் விட்டால் ஒரு கட்டில் குறையும் என்று உங்கள் நிறுவனத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். செய்தி கேட்ட அதிர்ச்சியில் இருப்பவர் அடுத்து மருந்து, ஊசி, தேதி என்று சொல்வதையெல்லாம் எப்படி மனத்தில் வாங்குவார்? வாங்கவில்லையென்றால் சிகிச்சை எப்படி ஒழுங்காக நடக்கும்? இதையே அவர்களிடம் கேளுங்கள்.

உங்கள் வரைபடத்தில் லிப்டுக்குப் பின்னால் ஒரு சாமான் அறை வெளிச்சுவரை ஒட்டி இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு வெளியே கேட்காத கதவு, ஒரு சன்னல், ஆறு நாற்காலி (நம் வீடுகளில் இரண்டு பேர் மட்டும் வரமாட்டார்கள்), ஒரு குழாய். நடைபாதை வழியாகவே திரும்ப வேண்டாம் என்பவர்களுக்காகத் தோட்டத்தின் பக்கம் இன்னொரு வாசல். திருத்தி எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.