ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு செல்ஃப் பேலன்சிங் ரோபோ பண்ணலாமா? அதுல உண்மையிலேயே கஷ்டமான விஷயம் எது?

தாராளமா பண்ணலாம். நான் ட்ரிபிள் ஈ ஃபைனல் இயர் படிச்சப்போ நாங்க நாலு பேர் சேர்ந்து இதைத்தான் ப்ராஜெக்டா எடுத்தோம். ரெண்டு சக்கரம், மூணு அடுக்கு அக்ரிலிக் தட்டு, நாலு மூலையிலயும் திரெட்டட் ராடு, ஒரு ஆர்டுயினோ ஊனோ கன்ட்ரோலர் போர்டு, சாய்வைப் பாக்க ஒரு எம்பியு 6050 சென்சார், ஒரு மோட்டார் டிரைவர், மூணு 18650 லித்தியம் செல்லு, இவ்வளவுதான் சாமான். எல்லாமே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே நாள்ல வாங்கினது. அசெம்பிள் பண்ண ரெண்டு நாள். நிக்க வைக்க ஏழு வாரம். அதுல அஞ்சு வாரம் நாங்க தப்பான இடத்துல தேடிட்டு இருந்தோம், அந்த அஞ்சு வாரத்தை உங்களுக்கு மிச்சம் பண்ணிக் கொடுக்கணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

பிஐடி டியூனிங், அதாவது மோட்டாரை எவ்ளோ ஓட்டணும்னு முடிவு பண்ற மூணு நம்பரை (சாய்வுக்கு கேபி, சேர்ந்துக்கிட்டே போற பிழைக்கு கேஐ, சாயுற வேகத்துக்கு கேடி) சரி பண்றது, அது வராம நிறைய பேர் பாதியில விட்டுட்டாங்களாமே, கணக்குல வீக்கா இருந்தா முடியுமான்னும் கேட்டிருக்கீங்க. டியூனிங் கஷ்டம் இல்ல. நேரம்தான் கஷ்டம். ரோபோ விழ ஆரம்பிச்சதுக்கும் அதை நீங்க பிடிக்கிறதுக்கும் நடுவுல இருக்குற மில்லிசெகண்டுகளை யார் யார் திருடுறாங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் இந்த ப்ராஜெக்ட், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

சின்ன வயசுல உள்ளங்கையில விளக்குமாத்தையோ கம்பையோ நிறுத்தி விளையாடியிருப்பீங்கல்ல, நீளக் கம்பு ஈஸியா நிக்கும், பென்சிலை நிறுத்தவே முடியாது. காரணம் பென்சில் வேகமா விழுது, நம்ம கை அந்த வேகத்துக்குப் போகாது. ரோபோவும் அதே கதைதான், தலைகீழா நிக்கிற பெண்டுலம். வெயிட்டோட மையம் அச்சுல இருந்து எவ்ளோ உயரத்துல இருக்கோ அதை மீட்டர்ல எடுத்து ஈர்ப்பு முடுக்கம் 9.81ஆல வகுத்து வர்க்கமூலம் எடுங்க, அதுதான் உங்க ரோபோவோட ஆயுசு. எங்களோடது முதல்ல 12 சென்டிமீட்டர், கணக்கு போட்டா 0.11 செகண்ட். அப்படின்னா சும்மா விட்டா 1 டிகிரி சாய்வு கால் செகண்டுல கிட்டத்தட்ட 5 டிகிரி ஆகிடும். அதே வெயிட்டை 24 சென்டிமீட்டருக்கு ஏத்தினா அதே கால் செகண்டுல ரெண்டரை டிகிரிதான். வித்தியாசத்தைப் பாருங்க.

நாங்க பேட்டரியைக் கீழ் தட்டுல வச்சிருந்தோம், வெயிட்டு கீழ இருந்தா விழாதுங்கிற நெனப்புல. அது எப்படித் தள்ளினாலும் எழுந்து நிக்கிற தஞ்சாவூர் பொம்மைக்குத்தான் சரி, அதுக்கு அடிப்பக்கம் உருண்டையா இருக்கும், வெயிட்டும் அடியில இருக்கும். இங்க அச்சுக்கு மேலதான் எல்லா வெயிட்டும் இருக்கு, எப்படியும் விழத்தான் போகுது, மெதுவா விழட்டும்னு மேல ஏத்துறதுதான் புத்திசாலித்தனம். ரொம்ப ஏத்தினா சாஞ்சதை நிமித்த மோட்டாருக்கு முறுக்கு விசை பத்தாது, அதனால அளவா. பேட்டரி மேல் தட்டு, போர்டு நடுத்தட்டு, மோட்டாரும் டிரைவரும் கீழ, இப்படி வச்சா போதும்.

சென்சார் பத்தி கொஞ்சம் சொல்லணும். எம்பியு 6050ல முடுக்கத்தை அளக்குற ஆக்சிலரோமீட்டர், சுத்துற வேகத்தை அளக்குற கைரோ ரெண்டும் இருக்கு. ஆக்சிலரோமீட்டர் மட்டும் வச்சு சாய்வு பாக்கலாமேன்னு தோணும், ஆனா பஸ்ல கண்ணை மூடிட்டு நிக்கிறப்ப டிரைவர் பிரேக் அடிச்சா பஸ்ஸே முன்பக்கம் சரிஞ்ச மாதிரி இருக்கும் பாருங்க, அந்த ஏமாத்துதான் அதுக்கும் நடக்கும், ரோபோ நகர்ற ஒவ்வொரு தடவையும் சாய்வுன்னு தப்பா சொல்லும். கைரோ அப்படி ஏமாறாது, சுத்துற வேகத்தைச் சொல்லும், அதைக் கூட்டிக்கிட்டே போனா கோணம் கிடைக்கும், ஆனா சின்னச் சின்னப் பிழையும் கூடவே சேர்ந்து கொஞ்ச நேரத்துல கோணம் எங்கயோ போயிடும். அதனால ரெண்டையும் கலக்குறோம், 0.98 பங்கு கைரோ வழி, 0.02 பங்கு ஆக்சிலரோமீட்டர், இதைத்தான் காம்ப்ளிமென்டரி ஃபில்டர்னு சொல்றாங்க. இந்த 0.98ஐ எல்லாரும் அப்படியே காப்பி பண்றாங்க, அது லூப்போட, அதாவது சென்சாரைப் படிச்சு மோட்டாரை ஓட்டுற ஒரு சுத்தோட, நேரத்தோட சேர்ந்த நம்பர்னு யாரும் சொல்றதில்ல. 5 மில்லிசெகண்ட் லூப்புக்கு அது சுமார் கால் செகண்ட் ஃபில்டர், 20 மில்லிசெகண்ட் லூப்புக்கு அதே 0.98 கிட்டத்தட்ட ஒரு செகண்ட் ஃபில்டர். இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க, கீழ வேலைக்கு ஆகும்.

எங்க முதல் திருடன் சென்சாருக்குள்ளயே இருந்தான். அந்த சிப்புல உள்ளேயே ஒரு லோ பாஸ் ஃபில்டர் இருக்கு, 0ல இருந்து 6 வரை செட் பண்ணலாம். மோட்டார் ஓடுறப்ப ரீடிங் குதிக்குதுன்னு என் ரூம்மேட் 6ல வச்சுட்டான், கிராஃப் அவ்ளோ அழகா வழவழன்னு வந்துச்சு, நாங்களும் சந்தோஷப்பட்டோம். 6ல வச்சா 5 ஹெர்ட்ஸ் ஃபில்டர், ரீடிங் 19 மில்லிசெகண்ட் லேட்டா வரும்னு டேட்டாஷீட்லயே டேபிள் போட்டிருக்கு. 3ல வச்சா தாமதம் 5 மில்லிசெகண்டுக்குள்ள. கண்ணுக்கு அழகா தெரியுற டேட்டா பழைய டேட்டா. இந்த ப்ராஜெக்ட்ல கொஞ்சம் குதிக்கிற புது டேட்டாதான் வேணும்.

ரெண்டாவது திருடனைப் பிடிச்ச கதையைத்தான் நான் இன்னிக்கும் ஜூனியர்ஸ்கிட்ட சொல்லிட்டு இருக்கேன். அஞ்சாவது வாரம், ரெண்டாவது ரிவ்யூ முடிஞ்சு கைடு முகத்தைப் பாக்கவே முடியல. ரோபோ ஒரு செகண்ட் நிக்கும், அப்புறம் முன்ன பின்ன பெருசா ஆடும், தடால்னு விழும். கேபி ஏத்தினா வேகமா விழும், இறக்கினா மெதுவா விழும், கேடி ஏத்தினா நடுங்கிட்டு விழும். ஒரு நோட்டு முழுக்க நம்பர் எழுதி வச்சிருந்தோம், சும்மா சொல்லல, அறுபது எழுபது காம்பினேஷன் இருக்கும். லேப் அசிஸ்டெண்ட் அண்ணா ஒருத்தர் தினமும் நாங்க படுற பாட்டைப் பாத்துட்டே இருந்தவரு, அன்னிக்கு பக்கத்துல வந்து, "ஏம்பா, உங்க லூப்பு எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு பாத்தீங்களா?"ன்னு கேட்டார். 5 மில்லிசெகண்டுண்ணா, கோட்லயே போட்டிருக்கோம்னோம். "கோட்ல போட்டது இருக்கட்டும், சிஆர்ஓல பாத்தீங்களா?"

ஒரு லூப்புக்கு ஆர்டுயினோவோட ஒரு பின்னை ஹை பண்ணு, அடுத்த லூப்புக்கு லோ பண்ணுன்னு ஒரு வரி எழுதி, சிக்னலை அலையா காட்டுற ஆஸிலோஸ்கோப் இருக்குல்ல, அந்த சிஆர்ஓவோட ப்ரோபை மாட்டினோம். ஸ்கிரீன்ல சதுர அலை வந்துச்சு. ஒரு அரை அலை 5 மில்லிசெகண்ட் இருக்கணும். 20 இருந்துச்சு. ப்ரோபைக் கழட்டித் திரும்ப மாட்டினாலும் 20. நாலு பேரும் ஸ்கிரீனையே பாத்துட்டு நின்னோம், அப்புறம் எங்க டீம்ல இருந்த பொண்ணு மெதுவா, "சீரியல் பிரிண்ட்"னு சொன்னா. கோணம், கைரோ, அவுட்புட் மூணையும் ஒவ்வொரு லூப்லயும் மானிட்டருக்கு அனுப்பிட்டு இருந்தோம், அதுவும் 9600 பாட் வேகத்துல. 9600ல ஒரு எழுத்து போக 1 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், எங்க வரிக்கு சுமார் 20 எழுத்து. ஆர்டுயினோல 64 பைட் பஃபர் இருக்கு, அது நிறையற வரைக்கும் தெரியாது, நிறைஞ்சதும் ஒவ்வொரு லூப்பும் பிரிண்ட் முடியட்டும்னு காத்துக்கிட்டு நிக்கும். கேபிளைப் புடுங்கினாலும் ஊனோ அனுப்பிக்கிட்டேதான் இருக்கும், அதனாலதான் கேபிள் இல்லாம விட்டும் எங்களுக்கு சந்தேகமே வரல.

அதைவிட மோசம் என்னன்னா கோட்ல கைரோவை 0.005ஆல பெருக்கிட்டு இருந்தோம். உண்மையான நேரம் அதுக்கு நாலு மடங்கு. அதாவது ரோபோ நாலு டிகிரி சாஞ்சா கைரோ கணக்கு ஒரு டிகிரின்னு சொல்லிட்டு இருந்திருக்கு, மிச்சத்தை ஆக்சிலரோமீட்டர் வந்து மெதுவா சரி பண்றதுக்குள்ள ரோபோ தரையில. அறுபது காம்பினேஷன் இல்ல, அறுநூறு போட்டிருந்தாலும் நின்னிருக்காது. பிரிண்ட் வரியை எடுத்தோம், ஃபில்டரை 3க்கு மாத்தினோம், கேபியை மட்டும் திரும்ப கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினோம். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் வராண்டாவுல மொசைக் தரையில முதல் தடவையா 11 செகண்ட் நின்னுச்சு. அரை இன்ச் முன்ன, அரை இன்ச் பின்ன, கிர்ர்னு ஒரு சின்ன சத்தம், அவ்ளோதான், யாரும் தொடல. யாருமே மூச்சு விடலன்னுதான் நினைக்கிறேன்.

அதனால உங்ககிட்ட நான் கேட்டுக்கிறது, டியூனிங்குல கை வைக்கிறதுக்கு முன்னாடி லூப் நேரத்தை அளந்து பாத்துடுங்க. சிஆர்ஓ இல்லன்னா மைக்ரோஸ் ஃபங்ஷனை வச்சு ஆயிரம் லூப்புக்கு எவ்ளோ ஆச்சுன்னு ஒரே ஒரு தடவ பிரிண்ட் பண்ணுங்க. கண்டிப்பா டேட்டா பாக்கணும்னா 115200ல வைங்க, அதே 20 எழுத்து 2 மில்லிசெகண்டுக்குள்ள போயிடும், அதையும் பத்து லூப்புக்கு ஒரு தடவ அனுப்புங்க.

மூணாவது திருடன் மோட்டார். மஞ்சக் கலர் பிஓ மோட்டார் விலை கம்மின்னு எல்லாரும் அதுலதான் ஆரம்பிப்பாங்க, நாங்களும்தான். சக்கரத்தைக் கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க, கியர் பிடிக்கிறதுக்கு முன்னாடி லொடலொடன்னு கொஞ்சம் ஆடும். ரோபோ நிக்கிற இடத்துல மோட்டார் திசை மாறிட்டே இருக்கணும், ஒவ்வொரு தடவையும் அந்த லொடலொடப்பைத் தாண்டிதான் சக்கரத்துக்கு வேகம் போகும், அதுவும் தாமதம்தான். அதுல நிக்கவே நிக்காதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஆடிக்கிட்டேதான் நிக்கும். நாங்க அப்புறம் 12 வோல்ட், 300 ஆர்பிஎம் மெட்டல் கியர் மோட்டார், எவ்ளோ சுத்துச்சுன்னு சொல்ற என்கோடர் வச்சது வாங்கினோம். 65 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அது செகண்டுக்கு சுமார் 1 மீட்டர், தாராளம். 60 ஆர்பிஎம் வாங்கிடாதீங்க, முறுக்கு இருக்கும், ஆனா விழுறதைத் துரத்திப் பிடிக்கிற வேகம் இருக்காது. எல்298 டிரைவர் ரெண்டு வோல்ட்டை அதுவே சாப்பிட்டுடும், சூடும் ஆகும், உங்க மோட்டார் இழுக்குற கரண்ட் தாங்கும்னா டிபி6612 வாங்குங்க. இன்னொண்ணு, மோட்டாருக்கு எவ்ளோ பவர்னு சொல்ற பிடபிள்யூஎம் நம்பர் 255ல ஏதோ ஒரு அளவு வரைக்கும் மோட்டார் அசையவே அசையாது, எங்களுக்கு அது 35 பக்கம். அதை அளந்து அவுட்புட்டோட கூட்டிக்கோங்க, இல்லன்னா நேரா நிக்கிற இடத்துலதான் ரோபோ தூங்கிட்டு இருக்கும்.

கோட் திடீர்னு உறைஞ்சு போய் ரோபோ ஃபுல் ஸ்பீடுல சுவத்துல போய் முட்டுறதும் நடக்கும், பயந்துடாதீங்க. மோட்டார் திசை மாறுறப்ப வர்ற நாய்ஸ்ல சென்சாரோட பேசுற ஐ டூ சி லைன் தொங்கிடும், கடைசியா கொடுத்த பிடபிள்யூஎம் அப்படியே நிக்கும். மோட்டாரோட ரெண்டு முனைக்கும் நடுவுல 104 செராமிக் கெபாசிட்டர் சால்டர் பண்ணுங்க, சென்சார் வயரைச் சின்னதா வெட்டி மோட்டார் வயர்ல இருந்து தள்ளி கொண்டு போங்க, லைப்ரரில டைம் அவுட் செட் பண்ற வசதி இருக்கு, அதையும் போடுங்க. சாய்வு 40 டிகிரி தாண்டினா மோட்டாரை நிறுத்துற ஒரு வரி முதல் நாளே எழுதிடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தா டியூனிங் ஒரு சாயங்கால வேலை. மேல ஒரு கொடிக்கயித்துல லூசா கட்டித் தொங்க விட்டுக்கோங்க, விழுந்தாலும் உடையாது. கேபி மட்டும் ஏத்துங்க, ஒரே சீரா முன்ன பின்ன ஆடுற இடம் வரும். அப்புறம் கேடி, அதுக்கு கோணத்தோட வித்தியாசத்தை எடுக்காதீங்க, கைரோ ரீடிங்கே சாயுற வேகம்தான், நேரா அதையே கொடுங்க. ஆட்டம் அடங்கினதும் கேஐ கொஞ்சமா. பாதி சார்ஜ்ல டியூன் பண்ணுங்க, மூணு செல்லு ஃபுல்லா இருந்தா 12.6 வோல்ட், அதுல சரியா வச்சது 11ல சோம்பலாயிடும்.

ரிப்போர்ட்ல லிட்ரேச்சர் சர்வேக்கு 2001 டிசம்பர்ல டீன் கேமன் வெளியிட்ட செக்வேங்கிற ரெண்டு சக்கர வண்டி, சுவிட்சர்லாந்து லொசான்ல ஈபிஎஃப்எல் யுனிவர்சிட்டில பண்ணி 2002ல பேப்பர் வந்த ஜோங்கிற ரோபோ ரெண்டையும் படிங்க, ஜோ பேப்பர் முக்கியமா, மனுஷனுக்குப் பதிலா வெயிட்டை ஏத்தி ஓட்டியிருப்பாங்க. ரெடிமேடா விக்கிற ப்ராஜெக்டை வாங்கிக் கொடுத்துடலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு வேண்டாம், ரோபோ நிக்கும், ஏன் நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது.

வைவாவுல எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் எங்ககிட்ட ஒரே ஒரு நல்ல கேள்வி கேட்டார். "நேரா நிக்கிற ரோபோவை முன்னாடி போன்னு சொன்னா, சக்கரம் முதல்ல எந்தப் பக்கம் சுத்தும்?" பின்பக்கம் சார்னு என் ரூம்மேட் சொன்னான். முன்னாடி போகணும்னா உடம்பு முதல்ல முன்னாடி சாயணும், சாய வைக்க சக்கரத்தைக் கொஞ்சம் பின்னாடி இழுக்கணும், என்கோடர் வேகத்தைப் பாத்து எவ்ளோ சாயணும்னு வெளி லூப் சொல்லும், உள் லூப் அந்தக் கோணத்துல நிக்க வைக்கும்னு விளக்கினான். அவர் நம்புன மாதிரி தெரியல. ரோபோவை டேபிள் மேல வச்சு போன்ல இருந்து ப்ளூடூத்ல ஃபார்வேர்டு கொடுத்தோம். சக்கரம் ஒரு விரக்கடை பின்னாடி போச்சு, உடம்பு முன்னாடி சாஞ்சுது, அப்புறம் டேபிள் ஓரம் வரைக்கும் நேரா போச்சு. அவர் நாற்காலியை விட்டு எந்திரிச்சு, சக்கரத்தோட மட்டத்துக்குக் கண்ணை வச்சு குனிஞ்சு நின்னுக்கிட்டு, "இன்னொரு தடவ காட்டுங்கப்பா"ன்னார்.